யுன் சொன்ன சாட்சி

புதுக்கம்பம்,
மூன்றாம் வரிசை, 41-ஆம் வீடு.
மலாயா
1951 மார்ச் 4

யுன்னுடைய சித்தப்பாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி ஞுக் மொய் வணங்கி எழுதுவது. நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். அந்தத் தடுப்பு முகாமில் மூன்று வேளை இல்லாவிட்டாலும் இரண்டு வேளையாவது உங்களுக்குச் சோறு கிடைக்க வேண்டும், இருமல் வராமல் இருக்க வேண்டும் என்று குவான் யின் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிற ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, தயவுசெய்து பாதியில் நிறுத்தாதீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் சோயா சாஸ் ஜாடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உங்கள் மண்டையில் ஏறாது. முப்பத்திரண்டில் பதினொன்றுதான் மிச்சம். உங்களைப் பிடித்துக்கொண்டு போன அன்றே எங்களையும் லாரியில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். பதினொரு ஜாடியை நானும் பன்றிக்காரர் வீட்டு ஃபூங் அக்காவும் உருட்டிக்கொண்டு வந்து ஏற்றினோம். மீதியைச் சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துவிட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஆறு மாதம் வெயிலில் வைத்த சாஸ், ஐயா! நாளைக்கு வடிக்கலாம் என்றிருந்தது. கணுக்கால் வரை சாஸில் நின்றுகொண்டு நான் கத்தின கத்தலில் ஒரு சிப்பாய்ப் பையன் அழுதுவிட்டான். அவன் அழுது எனக்கு என்ன ஆகப்போகிறது?

எங்களை அடைத்திருக்கும் இந்தப் புதுக் குடியிருப்பில் நம் வீடு தகரக் கூரை போட்ட ஒரே அறை. சுற்றிலும் முள்கம்பி. வெளியே போகும்போது கேட்டில் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். உப்பும் சோயாவும் ரேஷன் அட்டைக்கு அளந்துதான் தருகிறார்கள். போன வாரம் நான் ரப்பர் காட்டில் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கேட்டில் வரிசை நகரவில்லை. நான் வந்து மூடி போடுவதற்குள் இரண்டு ஜாடியில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. மேலே பூத்துப்போயிற்று. அதில் உப்பு சேர்த்துக் காப்பாற்றலாம் என்றால் உப்புக்கு எங்கே போவது? சரி, அது கிடக்கட்டும்.

உங்களை எதற்காகப் பிடித்தார்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

புதுக்கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் யுன்னைச் சேர்த்தேன். போன திங்கட்கிழமை வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையாக அப்பா பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாராம். இவன் முறை வந்ததும் பலகையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டான். அடித்தேன். அடி வாங்கிக்கொண்டே சொன்னான்: “போன தடவ கேட்டப்ப நான் சொல்லல. அதுக்குத்தான் சித்தப்பாவைப் பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க. இப்பச் சொன்னா செத்துடுவாரு.”

உட்கார வைத்துக் கேட்டேன். லாரி ஏற்றின அன்று வெள்ளைக்காரத் துரை பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தார் அல்லவா? யுன்னிடம் உங்களைக் காட்டி, “இவரு யாரு?” என்று கேட்டிருக்கிறார். “சித்தப்பா.” “அப்ப உங்க அப்பா எங்க?” பிள்ளை வாயைத் திறக்கவில்லை. இன்னொரு பிஸ்கட். “சொல்லுப்பா, எங்க இருக்காரு?” அதற்கு இவன் சொல்லியிருக்கிறான்: “அதச் சொல்லக்கூடாது. சொன்னா அவரு செத்துப்போவாரு.”

அவ்வளவுதான். அதற்குமேல் துரைக்கு என்ன வேண்டும்? பிள்ளைக்குச் சித்தப்பா என்றால் அப்பன் உங்கள் அண்ணன். அண்ணன் காட்டில் துப்பாக்கியோடு இருக்கிறான். தம்பி அண்ணியையும் பிள்ளையையும் ஊருக்குள் வைத்துக்கொண்டு, சாஸ் போடுகிறேன் என்று மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிக் காட்டுக்கு அனுப்புகிறான். கதை எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். உங்கள் அண்ணன் சீனாவில், மெய்ஹியனில் வயிற்றுப்போக்கில் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் இந்த மலாயா மண்ணைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதற்கு நான் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? நம் கல்யாணத்துக்குக் காகிதம் உண்டா? ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த பிள்ளைக்குக் காகிதம் உண்டா?

படிக்கிற ஐயா, இந்த இடத்தில் கவனமாகப் படியுங்கள். எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த மாதத்திலேயே தவறிவிட்டன. மூன்றாவது இவன். இவன் பிறந்த நேரம் தகப்பன் நேரத்தோடு மோதுகிறது, இவன் வாயால் ‘அப்பா’ என்று கூப்பிட்டால் இரண்டு பேரில் ஒருவர் இருக்கமாட்டார் என்று கண் தெரியாத ஜோசியர் சொன்னார். அதனால் சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லி வளர்த்தோம். எங்கள் ஆட்களில் இது ஊர் அறிந்த வழக்கம். இந்த மூன்றாம் வரிசையிலேயே தகப்பனை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள், வந்து எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் அன்றைக்கே சிரித்தீர்கள். “என் புள்ளைக்கு நான் சித்தப்பான்னா, நீ எனக்கு அண்ணியாடி?” என்று கேட்டுக் காலில் விழுந்து கும்பிட்டீர்கள். நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்தச் சொல்லைச் சொன்னால் சித்தப்பா செத்துப்போவார் என்று நடக்கத் தெரியாத வயதிலிருந்து அவன் மனதில் ஏற்றியவள் நான்தான். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

அன்று துரையின் பேச்சை நம் பாஷையில் சொன்னாரே மொழிபெயர்ப்புக்காரர் மிஸ்டர் சூ, அவரும் நம் ஹக்கா சீன ஆள்தான். அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி உங்கள் வழக்கை விசாரணைக் குழு பார்க்கிறதாம். சாட்சி இருந்தால் கூட்டிவரலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. விடுவார்கள், இல்லாவிட்டால் சீனாவுக்குக் கப்பல் ஏற்றுவார்கள். நடுவில் வேறு வழி கிடையாது என்று கேட்டில் நிற்கிற போலீஸ்காரர் சொன்னார். எனக்கு யுன்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவன் குழுவின் முன்னால் நின்று உங்களை ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான். எனக்குமே தைரியமாகச் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயமாக இருக்கிறது.

என்ன செய்யட்டும்? உங்கள் கையால் எழுதுங்கள். அவன் உங்கள் பேச்சைத்தான் கேட்பான்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
ஞுக் மொய்

-

தடுப்பு முகாம், 7-ஆம் கொட்டகை
1951 மார்ச் 26

அன்புள்ள ஞுக் மொய்க்கு,

லியாவ் தியென் ஃபா எழுதுவது. இங்கே ஒரு பக்கம்தான் எழுதலாம். அதனால் திட்டுவதற்கு இடம் இல்லை. திட்டவும் தோன்றவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் கொஞ்சம் இருக்கிறது. சோற்றோடு ஒரு கறுப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அதை சாஸ் என்கிறார்கள். நம் இரட்டை வாத்து மார்க் சாஸ் ஜாடி கழுவிய தண்ணீர்கூட இதைவிட ருசியாக இருக்கும் என்று சொன்னேன். கொட்டகையே சிரித்தது. பூத்துப்போன இரண்டு ஜாடியையும் வெளியே கொட்டாதே. மேலே படிந்ததை வழித்துவிட்டு, காய்ச்சி, முள்ளங்கி ஊறுகாய்க்கு ஊற்று.

யுன் சொன்னதில் தப்பு இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடியிருக்கிறான். ஏழு வயதில் அவ்வளவு கெட்டியான பிள்ளை யாருக்கு இருக்கிறது? இதை அவனிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். அவனுக்கு மூன்று வயது இருக்கும். நீ சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆசை தாங்கவில்லை. காதோரம் குனிந்து, “டேய், நான்தாண்டா உங்கப்பா” என்றேன். மறுநாள் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. பதினைந்து நாள் நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். நான் ஜாடி கழுவுகிற சாக்கில் வெளியிலேயே இருந்தேன். அதற்குப் பிறகு உன்னைவிட நான்தான் அதிகம் பயந்தேன். ஆகவே பழியை நீ மட்டும் தூக்கிக்கொண்டு திரியாதே.

அவன் சொல்லட்டும். அவன் வாயால் அதைக் கேட்டுவிட்டு எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருக்கிறது. இந்த வரியை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டாதே. “சித்தப்பா கல்லு மாதிரி இருக்காரு, ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்காரு” என்று சொல்.

தியென் ஃபா

-

புதுக்கம்பம்,
மூன்றாம் வரிசை, 41-ஆம் வீடு.
1951 நவம்பர் 19

யுன்னுடைய அப்பாவுக்கு,

ஞுக் மொய் வணங்கி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். சீனாவில் உங்கள் ஊர் விலாசத்துக்கு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை.

உங்களோடு அதே கப்பலில் போன ஃபூங் அக்காவின் கொழுந்தன் ஸ்வாத்தோ துறைமுகத்திலிருந்து எழுதிவிட்டான். கப்பலில் கூட்டம், இறங்கியதும் ஊசி போட்டார்கள், பெயர் எழுதினார்கள், ஊருக்கு வண்டி ஏற்றினார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறான். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. “தியென் ஃபா எப்படி இருக்காருன்னு கேட்டு எழுதுங்கக்கா” என்று அக்காவைக் கெஞ்சினேன். கேட்டு எழுதினாள். அதற்கும் அவனிடமிருந்து பதில் வந்தது. அக்கா எனக்குப் படித்துக் காட்டும்போது நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, பிறகு பன்றி விலையைப் பற்றிப் படித்தாள். நான் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. எனக்கு நாலு எழுத்து படிக்கத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

இதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். நீங்கள் பதில் போடப்போகிறீர்கள்.

விசாரணை அன்று நடந்ததை உங்களிடம் ஒருமுறை முழுக்கச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு பதினான்கு நாள் அவனைப் பழக்கினேன். எனக்கு நேராகச் சொல்லமாட்டேன் என்றான். ஜாடிக்குள் சொல்லு என்றேன். மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ‘அப்பா’ என்று சொல்லிவிட்டு, சத்தம் வெளியே போகக்கூடாது என்று டபக்கென்று மூடுவான். பிறகு சுவரில் காதை வைத்துக் கேட்பான். எதைக் கேட்கிறாய் என்றால், “தூரத்துல யாராவது அழுவுறாங்களான்னு” என்பான். ஐந்தாம் நாள் மூடியில்லாமல் சொன்னான். எட்டாம் நாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். பத்தாம் நாள் தைரியம் வந்துவிட்டது, நான் ஒரு படி மேலே போனேன். உங்கள் பெயர், ஊர், உங்கள் அண்ணன் செத்த வருஷம், நம் கல்யாண மாதம், எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ண வைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியில் இடி விழ!

நீங்கள் விலங்கோடு உள்ளே வந்தபோது எனக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாகிவிட்டீர்கள். மிஸ்டர் சூ பிள்ளையிடம், “இவரு யாருப்பா?” என்று கேட்டார். யுன் பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, “அப்பா” என்றான். அறையே கேட்கிற மாதிரி. அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருஷமாகக் காது ஏங்கின சொல். விலங்குக் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்தும் குழுவில் இருந்த அந்த மூன்று பேருக்குப் புரியவில்லை என்றால் அவர்கள் கண்ணை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

ஆனால் பிள்ளை அதோடு நிறுத்தவில்லையே. கேட்காத கேள்விக்கெல்லாம் மூச்சு விடாமல் சொன்னான். “எங்கப்பா பேரு லியாவ் தியென் ஃபா. எங்களுக்கு மெய்ஹியன். எங்க பெரியப்பா செத்துப் பதினெட்டு வருஷம். எனக்கு வேற அப்பா இல்ல.” நடுவில் உட்கார்ந்திருந்த துரை சிரித்தார். நல்ல மனிதர் சிரிப்புத்தான். “ரொம்ப நல்லா சொல்ற. யாரு சொல்லிக் கொடுத்தாங்க?” “அம்மா.” “எத்தனை நாளா?” “பதினாலு நாளு.”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதைத்தான் நான் பழக்க மறந்துவிட்டேன். துரை பேனாவை மூடி வைத்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

உங்களை வெளியே கொண்டுபோன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு ஜோசியர் சொன்னது முழுவதையும் சொன்னேன். துரை மிஸ்டர் சூவைப் பார்த்து ஏதோ கேட்டார். இப்படி ஒரு வழக்கம் உங்கள் ஆட்களிடம் உண்டா என்று கேட்கிறார் என்பது எனக்குப் பாஷை தெரியாமலே புரிந்தது. மிஸ்டர் சூ தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். உண்டு என்று அல்ல. தெரியாது என்று. பிறகு வாசலில் எங்கள் பின்னாலேயே ஓடிவந்தார். “என் பையன் என்னை மாமான்னுதான் கூப்பிடுறான் அக்கா. அத நான் சொன்னா, நானும் உங்க பக்கம்னு என்னையும் உள்ள வெச்சுடுவாங்க. எனக்கும் குடும்பம் இருக்கு” என்றார். அவர் செருப்பின்மேல் துப்பினேன். துப்பினதால் எதுவும் ஆகவில்லை, அவர் அழுதுகொண்டே நின்றார்.

லாரியில் திரும்பி வரும்போது யுன் கேட்டான்: “சரியா சொன்னேனா அம்மா?” சரியாகச் சொன்னாய் என்றேன். “அப்பறம் ஏன் அவரை விடல? இப்ப செத்துடுவாரா?” நான் அவன் சட்டைப் பொத்தானை மாட்டிவிடத் தொடங்கினேன். இல்லையடா என்று ஒரு சொல் உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் என் முகத்தைப் படித்துவிட்டான்.

அன்றைக்கே அவனுக்குக் காய்ச்சல். உங்களைச் சீனாவுக்கு அனுப்புகிறார்கள், குடும்பமும் கூடப் போகலாம், காலையில் லாரி வரும், மூட்டையைக் கட்டு என்று போலீஸ்காரர் வந்து சொன்னபோது பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கண் சொருகியிருந்தது. அந்த நிலையில் கப்பலில் ஏற்றினால் பிழைக்கமாட்டான் என்று நின்றுவிட்டேன். ஒருவரைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். தப்போ சரியோ, நீங்கள்தான் சொல்ல வேண்டும். லாரிக்குள்ளிருந்து நீங்கள் எங்களைத் தேடியிருப்பீர்கள். அதை நினைக்காத நாள் இல்லை.

தொழில் நடக்கிறது. ஒன்பது ஜாடியில் நல்ல சாஸ். நீங்கள் சொன்னபடி அந்த இரண்டையும் ஊறுகாய்க்கு ஊற்றினேன், கேட்டு வாங்குகிறார்கள். பழைய கல் அச்சிலேயே இரட்டை வாத்து சீட்டு அடித்து ஒட்டுகிறேன். கம்பத்துக் கடை இரண்டும் நம் சாஸ்தான் வைத்திருக்கின்றன. ஆண் துணை இல்லாமல் இவள் எப்படி நடத்துகிறாள் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

யுன்தான் சரியில்லை. காய்ச்சல் விட்டது, பேச்சும் விட்டுவிட்டது. தேவைக்கு ஒரு சொல், இரண்டு சொல். தபால்காரர் வருகிற நாள் கேட்டருகே போய் நின்றுவிட்டு, வெறும் கையோடு வந்து ஜாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறான். சோறு பாதிக்குமேல் இறங்குவதில்லை. அவன் எதையும் கேட்பதில்லை. கேட்டால்கூட அடித்து அழவைத்து ஆறுதல் சொல்லலாம். நேற்று மட்டும் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததைப் பார்த்து, “நானும் எழுதறேன்” என்றான். இந்த வருஷம் எழுத்து நன்றாக வந்திருக்கிறது. கீழே எழுதியிருக்கிறான். படித்துவிட்டு மனம் கசந்துகொள்ளாதீர்கள். நான் திருத்தவில்லை. திருத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீங்கள் எழுதக்கூட வேண்டாம். எழுத முடியாவிட்டால் விரலை மையில் தோய்த்து ஒரு ரேகை வைத்து அனுப்புங்கள். யாராவது வைத்து அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை அங்கே பிரிக்கிறவர் வேறு யாராக இருந்தாலும், உங்கள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும், ஒரு ரேகை போதும், என் பிள்ளை சாப்பிடுவான்.

உங்கள் வயிறு காயாமல், உடம்பு நோகாமல், இருக்கிற இடத்தில் வெயில் படும்படி இருக்க வேண்டும்.

ஞுக் மொய்

-

சித்தப்பாவுக்கு யுன் எழுதுவது. அன்னைக்கு நான் சொன்னது பொய். அம்மா சொல்லச் சொன்னாங்க. நீங்க எனக்குச் சித்தப்பாதான். எனக்கு அப்பாவே இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், வாத்தியார்கிட்டயும் சொல்லிட்டேன். அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பதில் போடுங்க.